மிதித்தால் மட்டும் கேட்கிற சத்தம்

அத்தியாயம் 14

கார் வாங்க வந்த பல்லடத்துக்காரர் சாவியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று போன வாரம் எழுதியிருந்தேன். சீட்டைத் தட்டிப் பார்த்தார். பெயின்ட்டைத் தடவிப் பார்த்தார். தெருமுனை வரைக்கும் ஓட்டிப் போய் வந்தார். இறங்கியதும், "நல்ல வண்டிதானுங்க. ஆனா மிதிச்சா ஒரு சத்தம் வருது. அதைச் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க" என்றார்.

என் கணவர் சுரேந்தர் இறந்து அப்போது பதினொரு மாதம். அத்தனை மாதமும் கார் துணி போர்த்தியபடி போர்டிகோவில் நின்றது. வருஷ திதிக்கு முன்னால் விற்றுவிட வேண்டும் என்பது அவருடைய அண்ணன் மகுடேஸ்வரன் மாமாவின் முடிவு. "செத்தவன் உக்காந்திருந்த வண்டி ஊட்டு வாசல்ல நிக்கக் கூடாது" என்றார். செத்ததைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்டது அவ்வளவுதான். எப்படி என்று யாரும் பேசவில்லை.

சித்திரை மாதம், மதியம் மூன்று மணி. ஷிப்மென்ட் லாரிக்காக எங்கள் பனியன் கம்பெனி மதில் ஓரம் காரை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு அவர் கண்ணை மூடியிருக்கிறார். வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டியபோது எழவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாமா பக்கத்தில் நின்று எழுதி வாங்கினார். உடம்பை அறுக்க வேண்டாம், குடும்பத்துப் பேர் கெட்டுவிடும் என்று சொன்னவரும் அவர்தான்.

மாரடைப்பில் செத்தால் எந்தக் குடும்பத்தின் பேர் கெடும் என்று அன்று நான் கேட்கவில்லை.

ஊர் கேட்டது. மருந்து குடித்துவிட்டான், அதனால்தான் அறுக்க விடவில்லை என்று பதிலையும் ஊரே சொல்லிக்கொண்டது. பொண்டாட்டியோடு ஒத்துவரவில்லையாம் என்று யாரோ சேர்த்தார்கள். கல்யாண மண்டபங்களில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரிக்குத் தண்ணீர் தாகம் எடுக்கத் தொடங்கியது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அந்த வாரம் வந்தது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தரணி, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அப்பா நம்மள வேண்டாம்னுட்டுத்தான் போனாராம்மா?"

அவள் தட்டில் ரசத்தை ஊற்றினேன்.

*

அந்தச் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மாமா போன் செய்தார்.

"சுபா, வண்டியை வெளிய எங்கயும் எடுத்துட்டுப் போயிராத. கம்பெனிக்கு அனுப்பு. ஃபிட்டரை வெச்சுப் பாத்துக்கலாம்."

"ஃபிட்டர் நல்லான்தான் வேலையை விட்டு நின்னுட்டானுங்களே மாமா."

"புதுசா ஒருத்தன் வந்திருக்கான். அவன் பாப்பான்."

எங்கள் ஊரில் இது வழக்கம். கம்பெனிக்கு ஃபிட்டர் என்று ஒருவரை வைத்துவிட்டால் அயர்னிங் பாய்லரும் அவர்தான், முதலாளி வீட்டுக் குழாயும் அவர்தான், பிள்ளைகளின் சைக்கிளும் அவர்தான். பாய்லரைப் பார்க்கிறவனுக்குக் கார் எம்மாத்திரம் என்று எல்லா முதலாளிகளும் நினைத்தார்கள். முதலாளி வீட்டுப் பெண்ணாக இருபது வருஷம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றால் நல்லானைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் பழகிய வாய் இது.

அன்று ஏனோ மாமா வேண்டாம் என்றதே நான் வெளியே கிளம்பப் போதுமானதாக இருந்தது. தரணியை ஏற்றிக்கொண்டு முதலிபாளையத்துக்குக் கிளம்பினேன். சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் சகாயராஜ் என்பவர் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். கையில்தான் கிரீஸ், வாயில் பொய் இல்லை என்று தோழி பூங்குழலி சொல்லியிருந்தாள். எங்கள் கம்பெனியும் அங்கிருந்து மூன்று தெரு தள்ளித்தான்.

பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தேன். வந்தது சத்தம். கனமான துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போல அடியிலிருந்து பர்ரென்றது. காலை எடுத்தேன். நின்றது. மிதித்தேன். மறுபடி கிழிந்தது.

"இது அப்பா இருக்கும்போதே வந்துச்சும்மா" என்றாள் தரணி.

"எப்போ?"

"கடைசி வாரம்தான். ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப நான் கேட்டேன். வண்டிக்கு இருமல் கண்ணு, கஷாயம் வெச்சுக் குடுக்கணும்னாரு. அப்புறம் ரெண்டு நாள் வண்டி இல்லாம டிவிஎஸ்ல வந்தாரில்ல? திரும்பி வந்தப்போ இருமல் போயிருச்சு."

எனக்கு அந்த டிவிஎஸ் ஞாபகம் இருந்தது. வெயிலில் வந்து சோபாவில் சாய்ந்தது ஞாபகம் இருந்தது. கார் எங்கே என்று கேட்டதும், அண்ணன் கம்பெனியில் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று அவர் சொன்னதும் அந்தப் பாலத்தில்தான் திரும்ப ஞாபகம் வந்தது.

*

சகாயராஜ் சாத்தான்குளத்துப் பக்கம். திருப்பூருக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு அந்த ஊரிலேயே நின்றுவிட்டது.

"சொல்லுங்கக்கா. என்ன செய்யுது வண்டிக்கு?"

"சத்தங்க. மிதிச்சா மட்டும் வருது."

"திருப்பும்போது?"

"இல்லீங்க."

"வேகம் கூடக் கூடக் கூடுதா, மிதிக்க மிதிக்கக் கூடுதா?"

எனக்கு வித்தியாசம் புரியவில்லை. அவர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிய. ஒண்ணு இல்ல. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."

ஆளில்லாத சிட்கோ சாலையில் ஓட்டினேன். தரணி பின்சீட்டில் இருந்தாள். அறுபதில் போகும்போது காலை எடுக்கச் சொன்னார். வண்டி அதே வேகத்தில் உருண்டது. சத்தம் இல்லை.

"பாத்தியளா? வேகம் இருக்கு, சத்தம் இல்ல. அப்போ வீல் பேரிங் தப்பிச்சிட்டு. திருப்பும்போது டக்டக்குன்னு இல்ல, அப்போ ஆக்ஸிலும் தப்பிச்சிட்டு. மிதிச்சா மட்டும் வந்தா ரெண்டு திருடனுகதான். ஒண்ணு இன்ஜின் தாங்கி நிக்கிற மவுண்டு. இன்னொண்ணு சைலன்சர் பைப்பு. இப்ப யாருன்னு பிடிப்போம்."

வொர்க்‌ஷாப்புக்கு வந்ததும் பானெட்டைத் திறந்தார். என்னிடம் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சைக் கொஞ்சம் விடச் சொன்னார். வண்டி முன்னே போக முட்டியது. அவர் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துள்ளல. மவுண்டு நல்லாருக்கு. அப்போ மத்தவன்தான்."

இன்ஜினை அணைத்து நன்றாக ஆறவிட்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து பனியன் வேஸ்ட் துணியை ஒரு கை அள்ளி, தண்ணீரில் முக்கிப் பிழிந்து, தடித்த உருண்டையாக்கி என்னிடம் நீட்டினார்.

"எங்கிட்ட ஆள் இல்லக்கா, ரெண்டு பேரும் லீவு. இன்ஜின் ஆறித்தான் கெடக்கு, இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணுதேன். பின்னால சைலன்சர் வாயில இதை வச்சு அமுக்கிப் பிடிங்க. அஞ்சே செகண்டு. முகத்தைத் தள்ளி வச்சுக்கிடுங்க."

"எதுக்குங்க?"

"வாயை அடைச்சா, உடம்புல எங்க ஓட்டை இருக்கோ அங்க பேசும்."

குந்தி உட்கார்ந்து துணியை வைத்து அமுக்கினேன். கையில் ஒரு உயிர் முட்டுவது போல இருந்தது. உடனே முன்பக்கம், ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே, புஸ்ஸென்று சீறியது.

"விடுங்கக்கா. ஆள் கெடச்சிட்டான்" என்று சகாயராஜ் கத்தினார்.

*

காரை லிஃப்ட்டில் ஏற்றினார். தரணியும் நானும் அண்ணாந்து பார்த்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் காரின் அடிவயிற்றைப் பார்க்கிறேன்.

இன்ஜினிலிருந்து வரும் புகைக் குழாயில், வளைந்து கொடுப்பதற்காகக் கம்பி பின்னிய ஒரு பகுதி இருக்கும். அது கிழிந்து போயிருந்தது. கிழிசலைச் சுற்றி வெள்ளைக் கயிறு இறுக்கமாகச் சுற்றப்பட்டு, மேலே கட்டுக்கம்பியும் ஒரு கிளாம்ப்பும் போட்டிருந்தது. கயிறு ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அங்கிருந்து காரின் தரை முழுவதும் விசிறி மாதிரி கரி படிந்திருந்தது.

சகாயராஜ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"இது கார் மெக்கானிக் செஞ்ச வேலையில்ல. பாய்லர் கயிறுல்லா இது? நீராவிப் பைப்புக்குச் சுத்துறது. கிளாம்ப்பும் அங்க உள்ளதுதான். கெட்டிக்காரத்தனமாத்தான் செஞ்சிருக்கான், ஆனா சத்தத்தைத்தான் அடைச்சிருக்கான். புகையை அடைக்கல. அதுக்கப்புறம் வண்டி சும்மா நின்னதுல கயிறும் இத்துப் பிஞ்சிட்டு, இப்ப சத்தமும் வருது."

டார்ச் கொஞ்சம் நகர்ந்தது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே, தரைத்தகட்டில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிய துளை. அதில் கறுப்பாக ஏதோ திணித்திருந்தது.

"தண்ணி வடியிறதுக்குக் கார் கம்பெனிலயே விடுற ஓட்டை இது. ரப்பர் மூடி போட்டிருக்கும். மூடி எங்கயோ விழுந்திட்டு போல. துணியை வச்சுத் திணிச்சிருக்கான்." ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார். "இந்த ஊர்ல எந்த வண்டியத் தொறந்தாலும் உள்ள பனியன் துணிதாங்க்கா. ஆளைத் தொறந்தாலும் அதான் இருக்கும்னு நினைக்கேன்."

துணியை என் கையில் போட்டார். ஒரு பக்கம் கரி. இன்னொரு பக்கத்தைத் திருப்பினேன்.

மஞ்சள். கடுகை அரைத்த மாதிரி ஒரு மஞ்சள். கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி.

கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மஞ்சளுக்காக மூன்று தடவை சாயப்பட்டறைக்குத் துண்டு அனுப்பினோம். ஆர்டர் கொடுத்த பையர் இரண்டு தடவை திருப்பினான். மூன்றாவது தடவை சரி என்றான். எங்கள் கம்பெனியில் அந்த நிறம் அதற்கு முன்னாலும் ஓடவில்லை, பின்னாலும் ஓடவில்லை. அந்த ஆர்டரைக் கொண்டுபோகும் லாரிக்காகத்தான் சுரேந்தர் மதில் ஓரம் காத்திருந்தார். கட்டிங் முடிந்து துண்டுகள் விழுந்ததே அந்த வாரம்தான்.

திருப்பூரில் தேதியைக் காலண்டரில் பார்க்க வேண்டியதில்லை. ஒரு துண்டுத் துணி போதும்.

"ஏங்க, இந்தக் கயிறு சுத்தின பிறகு, சத்தம் இல்லாதப்பவும் புகை உள்ள வந்திருக்குமா?"

"வராம? துணி என்ன, சல்லடைதானே. ஓடும்போதுகூடப் பரவால்ல, காத்து அடிச்சிட்டுப் போயிரும். நிப்பாட்டி வச்சு, கண்ணாடிய ஏத்தி, ஏசி போட்டு உக்காந்தாதான் வம்பு. அதுவும் சொவரு ஓரமா நின்னா போச்சு. மொதல்ல தலை வலிக்கும். அப்புறம் தூக்கம் வரும்."

"வாசம் வராதுங்களா?"

"வாசம் வாறதெல்லாம் ஆளைக் கொல்லாது. அதுல வாசமே இல்லாத ஒண்ணு இருக்கு."

"கார்பன் மோனாக்சைடு" என்றாள் தரணி.

பரீட்சையில் சொல்வது போலச் சொன்னாள். "ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல அது போய் உக்காந்துக்கும். எந்திரிக்காது."

"ஆமா பாப்பா. நல்லாப் படிக்கிய." சகாயராஜ் டார்ச்சை அணைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "யாரும் அப்டி உக்காரலல்லக்கா?"

"எங்கப்பா உக்காந்திருந்தாருங்க" என்றாள் தரணி.

அந்த மனிதர் டார்ச்சைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு உள்ளே போய் எங்களுக்கு இரண்டு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

*

மாமாவின் வெள்ளை வண்டி பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றது. கம்பெனிக்குப் போகிற வழியில் லிஃப்ட்டில் நிற்கும் எங்கள் காரைப் பார்த்திருக்கிறார்.

"உன்னை என்ன சொன்னேன் நானு?" என்று இறங்கும்போதே ஆரம்பித்தார். "சொன்ன பேச்சுக் கேக்கற பழக்கமே கெடையாது இந்த ஊட்டுல."

நான் எழுந்துகொள்ளவில்லை. "மேல பாருங்க மாமா."

பார்த்தார். அவருக்குக் கயிற்றைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கயிற்றை உருளை உருளையாக வாங்கிப்போடுவதே அவர்தான்.

"நல்லான் பண்ணுனது" என்றார்.

"பண்ணச் சொன்னது யாருங்க?"

"நான்தான் சொன்னேன். அதுக்கென்ன இப்ப? ஷிப்மென்ட் நேரம். வொர்க்‌ஷாப்புல போட்டா நாலு நாளு இழுப்பானுக. உன்ற ஊட்டுக்காரனுக்கு வண்டி இல்லாம கை ஒடிஞ்சாப்பல இருந்துச்சு. நம்ம ஆளே பாக்கட்டும்னேன். எப்பவும் பண்றதுதானே?"

"பெரியப்பா" என்றாள் தரணி. "அந்தப் புகைதான் அப்பாவைக் கொன்னுருக்கு."

மாமா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அதில் இருந்தது சந்தேகம். பதினொரு மாதமாக என் மேல் இருந்த அதே சந்தேகம்.

"சும்மா கெட கண்ணு. உனக்குத் தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "சுபா, நான் யாருக்கும் சொன்னதில்ல. இவ முன்னாடி சொல்ல வேண்டாம்னு பாத்தேன். அவனைக் காருல இருந்து தூக்கினது நானு. சட்டைப் பாக்கெட்டுல மாத்திரை அட்டை இருந்துச்சு. அட்டை காலி. அத்தனையும் முழுங்கியிருந்தான். போலீசு கீலீசுன்னு வந்தா குடும்பம் நாறிப்போகும்னுதான் டாக்டரு கையக் காலப் பிடிச்சு..."

"என்ன மாத்திரைங்க மாமா?"

"நான் என்னத்தைக் கண்டேன்? படிச்சுட்டா இருந்தேன்? பாய்லர்ல போட்டு எரிச்சேன்."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன்.

"பச்சை அட்டை. பாதியாக் கத்தரிச்சது. அஞ்சு மாத்திரை. சரிங்களா?"

மாமாவின் கை தன் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது.

"தலைவலி மாத்திரைங்க. அந்த வாரம் பூரா அவருக்குத் தலைவலி. காருல போனா வலிக்குது, ஊட்டுக்கு வந்தா விடுதுன்னாரு. கண்ணு செக் பண்ணுங்கன்னு நான்தான் சொன்னேன். முழு அட்டை வேண்டாம், பாதி போதும்னு மெடிக்கல்ல கத்தரிச்சு வாங்கிட்டு வந்து அந்தப் பாக்கெட்டுல வெச்சதும் நான்தான். மூணு நாள்ல அஞ்சு மாத்திரை. அதைத்தான் எரிச்சீங்க."

ஒரு டயர் குவியல் இருந்தது. மாமா அதில் உட்கார்ந்தார். வேட்டியில் கரி ஒட்டும் என்று சகாயராஜ் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

உட்கார்ந்தபடியே மாமா பேசியது தம்பியைப் பற்றி இல்லை.

"இது வெளிய போவக் கூடாது சுபா. தம்பியை அண்ணனே கொன்னுட்டான்னு பேசுவானுக."

"பதினொரு மாசம் நான் கொன்னேன்னு பேசினாங்களே. அப்ப உங்களுக்குக் காது கேக்கலீங்களா?"

"நான் எங்கயும் அப்படிச் சொன்னதில்ல."

"இல்லைன்னும் சொன்னதில்லீங்களே மாமா."

அவர் எழுந்தார். சகாயராஜிடம் போனார். முதலாளிக் குரல் திரும்பியிருந்தது. "ஏப்பா, புதுசு என்ன உண்டோ போட்டுக் குடு. கழட்டினதை எடைக்குப் போட்டுரு. இங்க வெச்சுக்காத." பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "பண்ணுன நாயி ஓடிப்போயிட்டான். அவனைப் பிடிச்சுக் கேட்டா எல்லாம் வந்துரும்."

"நல்லான் ஓடினானுங்களா, அனுப்புனீங்களா?"

வண்டிக் கதவைத் திறந்தவர் ஒரு கணம் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து கிளம்பிப் போய்விட்டார். போகும்போது அவர் வண்டி மிதிபட்டு உறுமியது. அதில் ஒரு பிசிறு இல்லை. கார் கம்பெனியின் சொந்த வொர்க்‌ஷாப்பில் சர்வீஸ் விடுகிற வண்டி அது.

*

சகாயராஜ் புதுக் குழாய்த் துண்டு வாங்கிவந்து பற்றவைத்து முடிக்க நாலு மணி ஆனது. துளைக்குச் சரியான ரப்பர் மூடி போட்டார். மறுபடி ஈரத்துணியை வைத்து அமுக்கச் சொன்னார். இந்தத் தடவை எங்கும் சீறவில்லை. இன்ஜின் இரண்டு தடவை இருமி அணைந்துபோனது.

"இப்படித்தான் மூச்சு முட்டி நிக்கணும். அப்போதான் எங்கயும் ஒழுகலன்னு அர்த்தம்" என்றார்.

கழற்றிய குழாயைக் கயிறும் கிளாம்ப்பும் அப்படியே இருக்க ஒரு பாலிதீன் பையில் போட்டு டிக்கியில் வைத்தார். "எடைக்குப் போடச் சொன்னாவ. எடைக்குப் போடுற சாமான் இல்ல இது. நீங்களே வச்சுக்கிடுங்கக்கா." மஞ்சள் துணி என் கைப்பைக்குள் இருந்தது.

சாலைக்கு வந்ததும் இளநீர்க் கடை ஓரம் நிறுத்தினேன். தரணி இறங்கிப் போனாள். அவள் நடையைக் கண்ணாடியில் பார்த்தேன். பதினொரு மாதமாக ஒரு கிழவியைப் போல நடந்த பெண். அன்று பதினாறு வயதுக்காரி போல நடந்தாள். எதையோ அவள் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்கள். அப்பா தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

போனில் நல்லானின் நம்பர் இன்னும் இருந்தது. கருமாதி முடிந்த மறுநாள் யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போன மனிதன். அழுத்தினேன்.

அவன் மனைவி மயிலாள் எடுத்தாள். என் பெயரைச் சொன்னதும் எழுந்து அவனிடம் போனாள். பிறகு, "ஏனுங்க, இந்தாங்க" என்று போனைக் கொடுக்கும் சத்தம்.

"அம்மிணிங்களா?" நல்லானின் குரல். பின்னால் எங்கேயோ நீராவி இரைந்தது. "தாராபுரத்துல இருக்கேனுங்க. அரிசி மில்லு பாய்லருல. ஒரு வருசமா இந்தப் போனு வருமான்னுதான் பயந்துட்டிருந்தேன்."

"வண்டியை லிஃப்ட்டுல ஏத்திப் பாத்துட்டேன் நல்லான்."

அவன் அழுதான். நான் காத்திருந்தேன். என்னால் அவனைத் தேற்ற முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

"எனக்குத் தெரியாத வேலைன்னு சொன்னேனுங்க. சத்தம் நின்னாப் போதும்னாங்க. சுத்திக் குடுத்தேன். ஆனா சொல்லித்தானுங்க சாவியக் குடுத்தேன், சாமி சத்தியமா. பைப்பு மாத்தற வரைக்கும் வண்டிய நிறுத்தி வெச்சு, கண்ணாடிய ஏத்திட்டு ஏசி போட்டு உக்காராதீங்க, புகை உள்ள ஏறும், உசுருக்கு ஆவாதுன்னு அச்சரம் மாறாமச் சொன்னேனுங்க."

வெயில் காருக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"யாருகிட்டச் சொன்னே?"

மூக்கை உறிஞ்சினான்.

"நல்லான். சாவியை யார் கையில குடுத்தே? மாமா கையிலயா, இல்ல அவரு கையிலயா?"

நீராவி இரைந்துகொண்டே இருந்தது. மாமா கையில் என்றால், தம்பியிடம் சொல்ல மறந்த அண்ணன் அவர். சுரேந்தர் கையில் என்றால், தெரிந்தே கண்ணாடியை ஏற்றியவர் என் கணவர். அப்படியானால் என் மகளின் கேள்வி, நான் பதில் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்த கேள்வி, அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

"போன்ல கேக்காதீங்க அம்மிணி" என்றான். "நேருல வாங்க. உங்க மொகத்தைப் பாத்துத்தான் சொல்லணும். கூட பாப்பாவைக் கூட்டிட்டு வராதீங்க."

வைத்துவிட்டான்.

தரணி இரண்டு இளநீரோடு கதவைத் திறந்து உள்ளே வந்தாள். வழுக்கை நிறையக் கேட்டு வாங்கியதாகச் சொன்னாள். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு அது தெரியாதுல்ல? தெரிஞ்சிருந்தா உக்காந்திருக்க மாட்டாருல்ல?"

"தெரியாது கண்ணு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு வழுக்கையைச் சுரண்டத் தொடங்கினாள். நான் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன். அனல் காற்று உள்ளே வந்து அவள் முடியைக் கலைத்தது. ஏசி போடுங்கம்மா என்றாள். போடவில்லை.

பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தேன். இன்னும் அழுத்தி மிதித்தேன். சத்தமே இல்லை. மிதிக்க மிதிக்க வண்டி அமைதியாக ஏறியது.